ஓடாதே, நட

என் அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்து போக யாருக்கும் பிடிக்காது. பத்தடி போவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும், தன் இடது கால் விழும்போது நம் இடது கால் விழவில்லை என்று. பேச்சை நிறுத்தமாட்டார், முகத்தைத் திருப்பமாட்டார். பேச்சுக்கு நடுவிலேயே "காலை மாத்து" என்பார். மாற்றாவிட்டால் இன்னொரு முறை சொல்வார். மூன்றாவது முறை சொல்வதில்லை. தானே ஒரு சின்னக் குதி குதித்துத் தன் காலை நம் காலோடு சேர்த்துக்கொள்வார். நமக்காக எதையோ பெரிதாக விட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி அப்போது முகத்தை வைத்துக்கொள்வார்.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கே போனாலும் அவருக்கு ஆறடி பின்னால்தான் வருவாள். "பக்கத்துல வந்தா என் காலு எனக்குச் சொந்தமில்ல" என்பாள்.

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் லூனாஸிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் சந்தைக்கு வந்த கூட்டம்போலச் சிதறி நடந்ததை அப்பாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "ரெண்டு ரெண்டு பேரா வந்தா நல்லா இருக்கும் சம்பந்தி" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பிறகு மேளக்காரர்களை முன்னே தள்ளினார். சீர்த்தட்டு தூக்கியவர்களை உயரப்படி நிற்க வைத்தார். மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கிழவன் கிழவி உட்பட அத்தனை பேரும் தவில் அடிக்கு ஒன்றாகக் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசிவரை இதைச் சொல்லிச் சிரிப்பார். "நான் பொண்ணு கட்ட வந்தேன். உங்கப்பா என்னைப் பட்டாளத்துல சேத்து உட்டுட்டாரு."

அப்பா நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். முதலாவது பெரிய சண்டையில், இருபது வயது ஆகுமுன்னே, கப்பலேறி பஸ்ராவுக்குப் போனவர். அந்தச் சண்டையைப் பற்றி அவர் பேசிக் கேட்டது குறைவு. மணல், பேரீச்சம்பழம், வாய் வைக்க முடியாமல் சுடும் தண்ணீர். இதைத் தவிர ஒரே ஒரு விஷயம் சொல்வார். ஒரு முறை அவர்கள் படை பின்வாங்க வேண்டி வந்ததாம். "ஓடுனவங்க எல்லாம் செத்தாங்க. சேந்து நடந்தவங்க வந்து சேந்தோம்." அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதும் மழையில்லை, வேலையில்லை. ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர் பின்னால் கப்பலேறி மலாயாவில் கெடாவுக்கு வந்து, குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனார். அங்கேதான் நான் பிறந்தேன். தோட்டத்தில் எல்லாரும் அவரைப் பட்டாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

பால்வெட்டோடு, பெரட்டுக்கு மணி அடிக்கிற வேலையும் அவருடையது. விடியற்காலையில் ஆட்கள் கூடி நின்று பெயர் கொடுப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். ஆபீஸ் முன்னால் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை அப்பா இரும்புக் கம்பியால் அடித்தால் ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த மூன்று லயங்களும் எழுந்துவிடும். அந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. "பெரட்டுன்னா என்னான்னு நெனச்சீங்க? பரேடு! நமக்கே தெரியாம வெள்ளக்காரன் நம்மள எல்லாம் பட்டாளத்துல வெச்சிருக்கான்" என்பார். ஆட்கள் கோணலாக நிற்பதைப் பார்த்து அவர் உச்சுக் கொட்டாத நாள் கிடையாது. யாரும் அவரைப் பொருட்படுத்தியதும் கிடையாது.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பத்து வயது. தொரை பங்களா ஒரே நாளில் காலியாயிற்று. அரிசி போயிற்று, துணி போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டோம். ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணியார்தான் ஜப்பான்காரனுக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். எங்கள் வாத்தியார் சுங்கைப் பட்டாணிக்குப் போய் மூன்று மாதம் ஜப்பான் பாஷை படித்து வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். காலையில் சூரியன் பக்கம் பார்த்துக் குனிவோம். இச்சி, நி, சான், ஷி என்று எண்ணிக்கொண்டு கைகால் பயிற்சி செய்வோம்.

பிறகு சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பிடித்தார்கள். அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஒரு நாள் கிராணியார் அப்பாவிடம், "நாளைக்கு எல்லா ஆம்பளையும் பெரட்டுக்கு வரணும்னு சொல்லுங்க. அரிசி குடுக்கிறாங்களாம்" என்றார். அவருக்கே விஷயம் தெரியுமா, அவரையும் ஏமாற்றினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் அப்பா தண்டவாளத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தார். காய்ச்சலில் படுத்திருந்தவன்கூட அரிசிப் பையோடு எழுந்து வந்தான். எல்லாரும் வந்து நின்ற பிறகு, பால் கொட்டகைக்குப் பின்னாலிருந்து இரண்டு லாரிகளும் துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள்.

இருபத்திரண்டு பேரைப் பெயர் சொல்லிப் பிரித்து ஏற்றினார்கள். எல்லாரும் இளவட்டங்கள். அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் கையில் இரும்புக் கம்பியோடு அந்தத் தண்டவாளத்துக்குக் கீழேயே நின்றார். பெண்கள் லாரியைச் சுற்றிக் கதறினார்கள். அதற்குள் அப்பா கம்பியைத் தரையில் வைத்தார். நேராக லாரிக்கு நடந்தார். பின்பலகையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

அம்மா ஓடினாள். "உன்னை யாரு ஏறச் சொன்னது? உன் பேரு அதுல இல்ல! எறங்குய்யா!" அம்மா அப்பாவை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"நான் மணி அடிச்சு வந்தவங்க" என்றார் அப்பா. "நான் கூப்பிட்டு வந்தவங்கள நான் கூட்டியாரணும்."

லாரி போய்விட்டது.

குருண் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை பூட்டிக் கிடந்தது. அதன் முற்றத்தில் முள்கம்பி கட்டி ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். நாலைந்து தோட்டத்து ஆட்கள், நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ரயில் வரவில்லை. ரயில் வரும்வரை மத்தியானத்தில் வீட்டார் கஞ்சி கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அம்மாவும் நானும் இரண்டு மணி நேரம் நடந்து போவோம்.

முதல் நாள் போனபோது அப்பாவின் கன்னம் வீங்கி இருந்தது. காலையில் ஆள் எண்ணும்போது இவர்கள் ஒழுங்கில்லாமல் நிற்க, எண்ணிக்கை தப்பித் தப்பி, ஒவ்வொரு தடவைக்கும் எல்லாருக்கும் அடி விழுந்ததாம். அப்பா தன் இருபத்திரண்டு பேரையும் இரண்டு வரிசையாக நிறுத்தி "அட்டேன்ஷன்!" என்றிருக்கிறார். ஒரு நொடியில் எண்ணி முடித்தாயிற்று. ஆனால் அது இங்கிலீஷ் வார்த்தை. காவலுக்கு இருந்த ஜப்பான் சார்ஜண்ட் வந்து நாலு அறை கொடுத்தான்.

அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "தாயி, அட்டேன்ஷனுக்கு உங்க ஸ்கூல்ல என்னா சொல்றாங்க?"

"கியோத்ஸ்கே."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். பத்து முறை சொல்ல வைத்தார். "முன்னால நட"வுக்கு? மாயே சுசுமே. "நில்லு"வுக்கு? "வலப்பக்கம் பாரு"வுக்கு? காஷிரா மிகி. அப்பா தன் தலையை வெடுக்கென்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முப்பது வரை எண்ணவும் கேட்டுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஒன்றைக்கூட மறக்கவில்லை. மறுநாள் போனபோது முற்றத்தில் அவர் குரல் கேட்டது. வாத்தியார் சொல்வதைவிட நன்றாக இருந்தது.

அதிலிருந்து தினமும் காலை, மாலை இரு வேளையும் அவர் தன் ஆட்களை முற்றத்தில் நடக்க வைத்தார். சுற்றிச் சுற்றி நடந்தார்கள். திரும்பினார்கள், நின்றார்கள், சார்ஜண்ட் போனால் தலையைத் திருப்பி வணக்கம் வைத்தார்கள். சார்ஜண்டுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. இந்த வரிசையை மட்டும் விறகு வெட்டவும் மண் வெட்டவும் தண்ணீர் தூக்கவும் வெளியே அனுப்பினான். முதலில் இரண்டு காவல்காரர்கள் கூடப் போனார்கள். பிறகு ஒருவன் போனான். அவனும் வாசலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தான்.

மற்ற ஆட்கள் கம்பியோரம் உட்கார்ந்து காறித் துப்பினார்கள். "சப்பானுக்கு வால் ஆட்டுறான் கெழவன்." அப்பா ஒவ்வொரு காலையும் அவர்களிடம் போய், "வாங்கய்யா, நீங்களும் வந்து வரிசையில நில்லுங்க" என்று கூப்பிட்டார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அத்தனை பேரில் யார் வாயைத் திறப்பான் என்று தெரியாது அல்லவா? ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

லயத்திலும் பேச்சு முற்றியது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்திக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவள் புருஷன் சின்னையா அப்பாவின் வரிசையில் இருந்தான். தண்ணீர்க் குழாயடியில் அவள் அம்மாவின் குடத்தைத் தள்ளிவிட்டாள். "உங்க வீட்டுக்காரரு மணி அடிச்சாரு, என் புருஷன் போனாரு. இப்ப அங்க போயும் அவரை ஆட்டி வெக்கிறாரு. இன்னும் என்னா வேணும் உங்களுக்கு?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை வைத்துத்தானே அவர் ஜப்பான்காரனைச் சந்தோஷப்படுத்துகிறார்? மறுநாள் கம்பியருகில் அவர் ஏதோ கேட்டபோது, "தெரியாது" என்று பொய் சொன்னேன். "சரி தாயி. தெரிஞ்சது போதும்" என்றார்.

ஒன்பதாம் நாள் நாங்கள் ஸ்டேஷனைத் தாண்டி வரும்போது, கல் உடைத்துக்கொண்டிருந்த நம்மாள் ஒருவர் அம்மாவிடம், "வண்டி வருது தங்கச்சி. நாளைக்குச் சாயங்காலம் ஏத்துறாங்க" என்றார். அம்மா கஞ்சியைக் கொடுக்கும்போது அதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அப்பாவுக்கு எதுவும் உடையவில்லை.

"நாளைக்குக் கஞ்சி கொண்டாராத" என்றார்.

"ஏன்?"

"சொன்னா கேளு."

அம்மா கேட்கவில்லை. கடைசியாக ஒரு வேளை புருஷனுக்குச் சோறு போட வேண்டாமா? யாரிடமோ கெஞ்சி இரண்டு கைப்பிடி அரிசி வாங்கி வடித்தாள். மறுநாள் மத்தியானம் நானும் அவளும் பெரிய சடக்கில் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். சடக்கில் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது.

அப்போது எதிரே ஒரு சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் தாரில் ஒன்றாக விழும் சத்தம்.

முற்றத்தில் நடந்ததைப் பிற்பாடு சின்னையா நூறு தடவை சொல்லியிருக்கிறான். சார்ஜண்ட் ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளைப் பார்க்கப் போயிருந்தான். வாசலில் புதுக் காவல்காரன். அப்பா இருபத்தேழு பேரையும் நிறுத்தி, மண்வெட்டிகளைத் தோளில் வைக்கச் சொன்னார். வரிசைக்குள் நடந்துகொண்டே உதடு அசையாமல் தமிழில் சொன்னாராம்: "இன்னைக்குத் திரும்பி வரப்போறதில்ல. எவனாச்சும் ஓடுனா எல்லாரும் செத்தோம். ஓடாத, நட. என் குரலை மட்டும் கேளு." பிறகு வாசலுக்கு நடத்திப் போனார். காவல்காரன் முன்னால் நிறுத்தி, குதிகாலைத் தட்டி வணக்கம் வைத்து, இருபத்தெட்டுப் பேர், வேலைக்கு என்று ஜப்பான் பாஷையில் கத்தினார். அப்படி ஒரு கத்தலுக்குப் பதில் வணக்கம் வைக்காமலிருக்க எந்தப் பட்டாளத்துக்காரனாலும் முடியாது. அவன் கதவைத் திறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் சடக்கின் நட்ட நடுவில் வந்தார்கள். மாட்டு வண்டிகள் ஒதுங்கின. காபிக் கடை முன்னால் ஒரு மோட்டார் நின்றது. அதன் பக்கத்தில் இடுப்பில் நீளக் கத்தி தொங்க ஒரு ஜப்பான் அதிகாரி நின்று ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். வரிசையில் ஒருவனுடைய கால் தடுமாறியது தெரிந்தது. அப்பா கொஞ்சமும் வேகத்தை மாற்றவில்லை. நேராக அந்த அதிகாரியின் பக்கமாகவே வந்தார்.

"காஷிரா... மிகி!"

இருபத்தேழு தலைகளும் ஒரே வெட்டாகத் திரும்பின. அப்பா கையை நெற்றிக்கு உயர்த்தினார். அதிகாரி குவளையைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, பதிலுக்கு வணக்கம் வைத்தான். வரிசையின் கடைசி ஆள் தாண்டும்வரை கையை இறக்கவில்லை.

பிறகு அவர்கள் எங்களை நெருங்கினார்கள். அப்பா எங்களைப் பார்க்கவே இல்லை. கண் நேராக முன்னே இருந்தது. ஆனால் எங்களைக் கடக்கும்போது, அதே கட்டளைக் குரலில், அதே தாளத்தில், தமிழில் கத்தினார்:

"கஞ்சி வேணாம்னு... சொன்னேனா இல்லியா! வீட்டுக்குப் போ... திரும்பிப் பாக்காத!"

கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு கட்டளை மாதிரிதான் இருந்திருக்கும். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. காலடிச் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சிறுத்துச் சிறுத்து, பிறகு இல்லாமல் போயிற்று. அம்மா நடந்துகொண்டே அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. நான் சொல்லிக்கொடுத்த காஷிரா மிகி!

அவர்கள் சடக்கை விட்டு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். அங்கேயும் கலையவில்லை. ஜெராய் மலையடிவாரத்துக் காட்டுக்குள் போய்ச் சேரும்வரை நடந்தார்கள். அங்கேதான் அப்பா "டிஸ்மிஸ்" என்றாராம், பழையபடி இங்கிலீஷில். அந்த ஒரு வார்த்தைக்கு ஆட்கள் அப்படியே தரையில் விழுந்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம்.

மீதிப் பேரை அன்று சாயங்காலம் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பா இதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை. ஆனால் சண்டை முடிந்து பல வருடம் கழித்தும், குருண் பக்கம் சயாம் ரயில் போகும் சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்பார். ரயில் போன பிறகுதான் உட்காருவார். "இன்னும் கொஞ்சம் பலமாக் கூப்பிட்டிருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா அவர் தட்டில் சோறு வைத்தாள்.

அப்பாவும் ஆட்களும் தப்பிய மூன்றாம் நாள் ஜப்பான்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். தாளில் இருந்த இருபத்திரண்டு பெயரையும் படித்து, அந்த வீட்டுப் பெண்களைப் பெரட்டுக் களத்தில் வெயிலில் நிற்க வைத்தார்கள். அப்பாவின் பெயர் அந்தத் தாளில் இல்லை. அவர் தானாக ஏறியவர்தானே? ஆட்களை நடத்திப்போன அந்த வயசாளி யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அம்மாவும் போய் அந்தப் பெண்களோடு நின்றாள். பாப்பாத்தி அவள் பக்கம் திரும்பாமலே, "அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுப் பேரு அவன்கிட்ட இல்ல" என்றாள்.

"நான் எங்கடி போறது?" என்றாள் அம்மா.

முதலில் கிராணியாரைக் கேட்டார்கள். தெரியாது என்றார். அறைந்தார்கள். கண்ணாடி தெறித்து விழுந்தது. குனிந்து அதை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தெரியாது என்றார். அடுத்தது பாப்பாத்தி. துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்துக் கேட்டார்கள். குழாயடியில் குடத்தைத் தள்ளிய அதே பாப்பாத்தி, வாயை இழுத்து மூடிக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு மலாயில் ஒரே பதில்: "தா தாவு." தெரியாது. வரிசையாக இருபத்திரண்டு பெண்களும் "தா தாவு" என்றார்கள். பொழுது சாயும்வரை நிற்க வைத்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆனால் அந்தக் களத்தில் அப்பாவின் பெயர் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஜப்பான்காரர்கள் லாரியேறிப் போய்விட்டார்கள். போன பிறகு பாப்பாத்தி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அம்மாவின் காலி குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்துவந்து வைத்தாள்.

மூன்று வாரம் எந்தச் சேதியும் இல்லை. பிறகு கருவாடு விற்கும் மலாய்க்காரர் பாக் லோங் சைக்கிளில் வந்தார். எப்போதும் வருகிறவர்தான். அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். கோத்தா கோலா மூடாவில், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருப்பவர். அம்மா முன்னால் கருவாட்டுக் கூடையை இறக்கிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, "செமுவா பாயிக்" என்றார். எல்லாரும் நலம். அம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா தன் ஆட்களை மலையைச் சுற்றி, மலாய்க்காரர் கிராமங்களான கம்பங்களின் பாதைகள் வழியாக நாலு நாள் நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுபோயிருந்தார். பாக் லோங் அவர்களை இரண்டிரண்டு பேராகச் சதுப்புக் காட்டில் விறகு வெட்டவும், மீன் காய வைக்கவும், படகு தள்ளவும் பிரித்து விட்டார். அங்கே யாரும் சேர்ந்து நடக்கக் கூடாது என்று அப்பாவே உத்தரவு போட்டாராம். அதற்கு அவர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். பாக் லோங் மாதம் ஒரு முறை வந்து அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார். அம்மா அதை லயத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோவாள். இப்படியே சண்டை முடியும்வரை போயிற்று.

ஜப்பான் தோற்றுவிட்டது என்ற சேதி வந்தபோது அம்மா தினமும் சடக்கில் போய் நின்றாள். ஒரு வாரமாயிற்று. மற்ற தோட்டங்களுக்கு ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்களைக் காணவில்லை. பெண்கள் மறுபடி பயந்தார்கள்.

ஒரு காலை, கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நான் ஓடினேன். தோட்டத்துப் பாதையில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கறுத்து, தாடி வளர்ந்து, உப்புக் காற்றில் முடி சடையாகி, ஆளுக்கொரு கருவாட்டு மூட்டையோடு. பாப்பாத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய்ச் சின்னையாவின் மார்பில் குத்து குத்தென்று குத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பொன்னையா என்பவருடைய கைக்குழந்தை இப்போது ஓடியாடும் பிள்ளை. தாடிக்காரரைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியது. அவர் அதைத் துரத்தினார். கிராணியார் ஆபீஸிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து கேட்டன.

அப்பா கடைசியாக வந்தார். காய்ச்சல்காரன் ஒருவனைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார். அவனை அவன் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மீன் வாடை. அவர் என் தலையில் கை வைத்து, "நீ சொல்லிக்குடுத்ததுல ஒண்ணுகூடத் தப்பில்ல தாயி" என்றார்.

அம்மா வாசற்படியில் நின்றாள். இறங்கி வரவில்லை. எத்தனை நாள் அழுதிருப்பாள், எத்தனை கேள்வி சேர்த்து வைத்திருப்பாள். ஒன்றையும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"எல்லாரும்" என்றார் அப்பா. "நம்ம ஆளு இருபத்திரண்டு. மத்த அஞ்சு பேரையும் அவங்கவங்க தோட்டத்துல வீட்டுக்கு வீடு கொண்டுபோயி உட்டுட்டு வர்றோம். அதான் இத்தன நாள்."

"எல்லாரும் உசுரோட?"

"உசுரோட."

அம்மா அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். "அப்ப உள்ள வாங்க" என்றாள்.

அன்று மத்தியானம் எங்கள் மூன்று லயங்களிலும் அத்தனை அடுப்பிலும் கருவாடு பொரிந்தது.